மூன்று வாரத்தில் என்றால் எப்போது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிரான்சிலிருந்து ஆர்டர் தருபவர்களுக்காக எட்டு மாதமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். வினைச்சொற்கள்கூடப் பிடிபட்டுவிட்டன. பெயருக்கு முன்னால் வரும் ஆ, ஆன், தான், ஷே போன்றவைதாம் பாடாய்ப் படுத்துகின்றன. நம் வேற்றுமை உருபுகளுக்கு நேராக அவற்றை எழுதி அட்டவணை போட்டேன். ‘இல்’லுக்கு எதிரே மட்டும் ஐந்து சேர்ந்துவிட்டன. எதைத்தான் எடுப்பது?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். நானும் ஒன்று வைத்திருந்து பட்டவன்.

‘ஜப்பான்’ என்று சொல்லி முடித்த பிறகும், அடுத்து வருவது ‘இல்’லா ‘உக்கு’வா என்று யோசிக்க நமக்கு நேரம் இருக்கிறது. பிரெஞ்சில் வாயைத் திறக்கும்போதே அந்த நாடு ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்க வேண்டும். ஜப்பான் ஆண், ஆகவே ‘ஓ ஜப்போன்’. பிரான்ஸ் பெண், ‘ஆன் ஃபிரான்ஸ்’. ஊர்ப் பெயருக்குப் பெரும்பாலும் ‘ஆ’ போதும்: ஆ பாரி (நம் பாரிஸ்தான்), ஆ திருப்பூர். போனாலும் இருந்தாலும் அதே சொல்தான். இதில் அவர்கள் நம்மைவிடச் சிக்கனம். நாட்டுப் பெயரை மொட்டையாக மனப்பாடம் செய்யாமல் முன்சொல்லோடு சேர்த்தே செய்யுங்கள்.

‘ஷே’ நமக்கு எளிது. ஆஸ்பத்திரி‘க்கு’ப் போகிறோம், டாக்டர்‘இடம்’ போகிறோம் அல்லவா? அந்த ‘இடம்’தான் ஷே. மாமன் வீட்டுக்குப் போவதும் ஷேதான். ஆனால் அப்பாவிடம் சொன்னேன் என்னும்போது ‘ஆ’ வந்துவிடும். அட்டவணை கவிழ்வது இங்கேதான்.

உங்கள் தொழிலுக்கு ஆபத்தானவை ‘ஆன்’, ‘தான்’ இரண்டும். (அன்னதானத்தில் வரும் ‘தான்’; கடைசி ‘ன்’னை மூக்கோடு விட்டுவிடுங்கள்.) பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். “மூன்று வாரத்தில் முடித்துவிடுவோம் என்று எழுதுங்க” என்றார் முதலாளி. ‘தான் த்ருவா ஸெமேன்’ என்று எழுதினேன். அதற்கு இன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து என்று பொருள். வாங்குகிறவர் கடிதத் தேதியிலிருந்து நாள் எண்ணினார். முதலாளி மனதில் இருந்ததோ, துணி வந்தபின் மூன்று வார வேலை. துணி அப்போது சாயப்பட்டறையில் கிடந்தது. ‘ஆன் த்ருவா ஸெமேன்’ என்று எழுதியிருந்தால் வேலைக்குப் பிடிக்கும் காலம் என்றாவது ஆகியிருக்கும். திட்டு எனக்குத்தான், நியாயமும்கூட. நம் ‘வாரத்தில்’ இரண்டு அர்த்தத்தையும் சுமக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த முறை உங்கள் முதலாளி ‘பத்து நாளில்’ என்றால், அகராதியை எடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள்: இன்றிலிருந்தா, துணி வந்ததிலிருந்தா?