இரண்டு மாதமாகப் பணம் கேட்காத மகன்

வாசகர் கேள்வி: என் மகன் கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுதியில் தங்கியிருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவன். இப்போது நான்கு பாடங்களில் அரியர். வகுப்புக்கு ஒழுங்காக வருவதில்லை என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. போன் செய்தால் 'சரிப்பா' என்று சொல்லி வைத்துவிடுகிறான். பொங்கலுக்கு வந்தபோதும் பகலெல்லாம் படுத்தே கிடந்தான். 'உன்னை நம்பித்தான் இந்த வீடே இருக்கிறது' என்று ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்கிறேன். ஒரே ஆறுதல், பணத்தின் அருமை தெரிந்திருக்கிறது. முன்பு வாரம் தவறாமல் செலவுக்குக் கேட்பான். இரண்டு மாதமாக ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. படிப்பில் அவனுக்கு மறுபடி அக்கறை வர என்ன செய்யலாம்? செல்போனைப் பிடுங்கிவிடலாமா?
- பெயர் வேண்டாம், அரியலூர் மாவட்டம்

பதில்: செல்போன் அவனிடமே இருக்கட்டும். அவனோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பே அது ஒன்றுதான். இதழ் வெளிவரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், இந்தப் பதிலை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கேயும் வெளியிடுகிறேன்.

ஐயா, அரியரையும் வருகைப் பதிவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அந்த வரியைப் படித்துத்தான் நான் பயந்தேன்.

விடுதியில் இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு என்னென்ன செலவு இருக்கும்? வாசல் கடையில் டீ, ஞாயிற்றுக்கிழமை இரவு பரோட்டா, முடிவெட்டு, ரீசார்ஜ், ஜெராக்ஸ், நண்பன் பிறந்தநாளுக்குப் பங்கு. இரண்டு மாதமாக இவற்றில் ஒன்றுக்குக்கூட அவனுக்குக் காசு தேவைப்படவில்லை என்றால் அவன் அறையை விட்டே வெளியே போகவில்லை, யாரோடும் சேரவில்லை, மெஸ் சாப்பாடு இறங்காத நாளில் பட்டினி கிடக்கிறான் என்றுதானே பொருள்? அப்படியில்லை என்றால் வேறெங்கோ கடன் வாங்குகிறான். கடன் செயலிகளிலும் இணையச் சூதாட்டத்திலும் சிக்கிய பிள்ளைகளும் இப்படித்தான் வீட்டில் வாயை மூடிக்கொள்வார்கள். சிக்கனமாக இருக்கும் பையன் அதைப் பெருமையாகச் சொல்வான். உங்கள் மகன் எதையுமே சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் அப்பாவும் வளர்ந்த மகனும் பேசிக்கொள்வதற்குப் பல சமயம் பணம் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. 'அப்பா, ஐந்நூறு அனுப்புங்கள்' என்று கேட்பதில் ஓர் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை அவன் விட்டுவிட்டான். தன்மேல் செலவழிப்பதே வீண் என்று நினைக்கத் தொடங்கிவிட்டானோ என்பதுதான் என் அச்சம். 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற எண்ணம் தற்கொலை நினைப்போடு நெருக்கமாக வருவது என்பதால் மனநல மருத்துவர்கள் அதைக் கவனமாகக் கேட்டறிவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ!

போன் செய்யும்போதெல்லாம் நீங்கள் அவனிடம் சொல்லும் வாசகம் எனக்குக் கோபத்தையே தருகிறது. பெற்றவர்களை முதுமையில் தாங்குவது பிள்ளையின் கடமை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடமைக்கு ஒரு காலம் உண்டு. எழுந்து குளிக்கவே தெம்பில்லாத பையனின் தலையில் வீட்டைத் தூக்கி வைப்பது தகப்பன் செய்கிற காரியமா? இன்றைக்கு அந்த வீட்டைத் தாங்க வேண்டியவர் நீங்கள். அவனையும் சேர்த்து.

நாளைக் காலை பஸ் ஏறுங்கள். விடுமுறை வரட்டும் என்று தள்ளாதீர்கள். அவன் அம்மாவை அழைத்துப் போங்கள். புத்திமதி சொல்வதற்கென்று மாமாவையோ பெரியப்பாவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அறைத்தோழர்களிடம் தனியாக, தன்மையாகப் பேசுங்கள். அவன் சாப்பிடுகிறானா, இரவில் தூங்குகிறானா என்பது வார்டனைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு அவனை வெளியே அழைத்துப் போய்ச் சாப்பிட வையுங்கள். கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள்: 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாராவது கேட்டுவிட்டார்களே என்று மூச்சுவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

ஆமாம் என்று சொன்னால் அடிக்கவோ கத்தவோ கூடாது. 'எங்களை விட்டுப் போய்விடுவாயா' என்று அழுது அவன் குற்ற உணர்வைக் கூட்டக் கூடாது. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அது அவன் வாயைத்தான் அடைக்கும், எண்ணத்தை அகற்றாது. ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் என்ன செய்வது என்று புரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதானால் வேண்டிக்கொள்ளுங்கள், மருத்துவரைப் பார்த்த பிறகு.

அப்படியெல்லாம் இல்லை என்று அவன் சொன்னாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். பகலெல்லாம் படுக்கை, பேச்சில்லை, யாரோடும் சேர்க்கையில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். சோம்பேறித்தனம் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

கல்லூரியையும் சும்மா விடாதீர்கள். வருகை குறைந்ததும் கடிதம் எழுதத் தெரிந்தவர்களில் யாராவது அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்களா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் மகன் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் இருக்கிறார், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று முதல்வரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியாக இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் 65 வரை சலுகை உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுவரை அவகாசம் இருக்கிறது. நான்கு அரியரோடு வாழ்க்கை முடிந்துவிட்டதாக அவன் நம்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் வாயால் அவனுக்கு இதைச் சொல்லுங்கள். அதற்குமேல் படிப்புப் பேச்சை மருத்துவர் சொல்லும்வரை எடுக்காதீர்கள்.

ஒரு செமஸ்டர் வீட்டில் இருக்கிறேன் என்று அவன் கேட்டால் அழைத்து வாருங்கள். ஊரில் கேட்பவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.