கபடிக்காகப் பையனைப் பள்ளி மாற்றலாமா? டி.சி. வாங்கும் முன் ஒரு நிமிடம்

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தக்காளி விவசாயம். மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் ஒன்பதாவது படிக்கிறான். கபடியில் ரெய்டர். மாவட்டப் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் வீட்டுக்கே வந்தார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் இலவசமாக வாங்கித் தருகிறேன், இப்போதே டி.சி. எடுத்து என்னிடம் கொடுத்துவிடுங்கள், சீட்டைப் பிடித்து வைக்க 20 ஆயிரம் முன்பணம் வேண்டும் என்கிறார். பள்ளி மாறினால் ஒரு வருடம் ஆட முடியாது என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். எது உண்மை ஐயா?

பதில்: முதலில் அந்த ஒரு வருடப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், ஒரு வருடம் வரை ஆடவிடாமல் உட்கார வைக்கும் விதி பல மாநிலங்களில் உண்டு. பள்ளிகள் ஒன்றிடமிருந்து இன்னொன்று ஆள் பிடிக்காமல் இருப்பதற்காக வைத்த விதி அது. அதை எங்கோ கேட்டுவிட்டு இங்கே சொல்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஜூன் மாதம் முறையாக டி.சி. கொடுத்து வேறு பள்ளியில் சேர்ந்த பையனை, மாறி வந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக மைதானத்துக்கு வெளியே நிறுத்தி நான் பார்த்ததில்லை.

ஆனால் வருடத்தின் நடுவில் மாற்றாதீர்கள். ஒரு போட்டிப் பருவத்தில் ஒரு பையனுக்கு ஒரு பள்ளிதான். இந்தப் பள்ளிக்குக் குறுவட்டத்தில் (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) ஆடிவிட்டு, அதே வருடம் அந்தப் பள்ளிக்கு மாவட்டத்தில் ஆடுவது நடக்காது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2004-இல் உங்கள் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் பள்ளி விளையாட்டுக் கணக்கில் அது வேறு வருவாய் மாவட்டம். அங்கே சேர்ந்தால் அங்குள்ள குறுவட்டம், அங்குள்ள மாவட்டத் தேர்வு, அப்புறம்தான் மாநிலம். இங்கே அவனைத் தெரிந்த தேர்வாளர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரே ஒரு பக்கத்தில், தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பள்ளி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டலாம். எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன், நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வருகிறது, திங்கட்கிழமை காலை போட்டி. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் எழுநூறு பேர். பெற்றோருக்கு விதியைச் சொல்ல ஆளில்லாத அந்த இடைவெளியில்தான் உங்கள் வீட்டுக்கு வந்தவரைப் போன்றவர்கள் நுழைகிறார்கள்.

அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் டி.சி.யையும் பணத்தையும் ஒரே மூச்சில் கேட்கிற ஆளிடம் எதையும் கொடுக்காதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டி.சி. இப்போது வெறும் காகிதம் கிடையாது. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் என்ற இணையதளத்தில் தலைமையாசிரியர் டி.சி. போட்ட அந்த நிமிடமே உங்கள் மகன் பெயர் பழைய பள்ளிப் பட்டியலிலிருந்து நீங்கி, பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். 'காமன் பூல்' என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். புதிய பள்ளி அங்கிருந்து அவனை எடுத்துச் சேர்த்துக்கொண்டால்தான் அவன் ஒரு பள்ளியின் மாணவன். எடுக்கவில்லை என்றால் அவனுக்கு எந்தப் பள்ளியும் இல்லை. எந்தப் பள்ளிக்கும் ஆடவும் முடியாது.

அரூர் பக்கம் ஒரு பையன், லெஃப்ட் கார்னர் ஆடுவான். எதிராளியின் கணுக்காலைப் பிடித்தான் என்றால் விடவே மாட்டான். அவனுடைய அப்பா மே மாதமே டி.சி.யையும், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என எல்லா அசலையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நகல்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த ஆள் பையனை மூன்று பள்ளிகளில் காட்டி, யார் அதிகம் தருகிறார்கள் என்று பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் வந்துவிட்டது, பையன் எந்தப் பள்ளியிலும் இல்லை. குறுவட்டப் போட்டி எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்று தன் பழைய கூட்டாளிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதோடு இலவசம் முடிந்தது. இரண்டு வருட ஹாஸ்டல் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பள்ளி வாசலில் அப்பாவோடு மூன்று நாள் நானும் போய் நின்றேன். வாயால் சொன்ன இலவசம்தான். எழுத்தில் ஒரு வரி இல்லை.

எட்டாம் வகுப்பு வரை என்றால் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டலாம். தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், டி.சி. வரத் தாமதமானால் அதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் மகன் ஒன்பதாவது. அந்தப் பிடி அவனுக்கு இல்லை. அதனால் சேர்க்கை உறுதியான பிறகு டி.சி. என்ற வரிசையை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

உறுதி என்றால் பள்ளியின் லெட்டர்பேடில், தலைமையாசிரியர் அல்லது தாளாளர் கையெழுத்தோடு வர வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை வருடம், கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், சீருடை இவற்றில் எதெது இலவசம் என்று எழுதியிருக்க வேண்டும். பையனுக்கு அடிபட்டு ஆட முடியாமல் போனால் அந்த இலவசம் தொடருமா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் எதற்கு? இலவசமாகத் தருகிற பள்ளி நடுவில் ஒருவருக்கு 20 ஆயிரம் கொடுக்கச் சொல்லாது.

அடுத்து வயது விவகாரம். இன்றைக்கு உங்களிடம் அவர் பேசாமல் இருக்கலாம், நாளைக்குப் பேசுவார். "ஒரு வருடம் குறைத்துக் காட்டலாம், எட்டாவதில் மறுபடி உட்கார வைக்கலாம், இன்னும் ஒரு வருடம் சின்னப் பிரிவில் ஆடலாம்" என்பார். பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகள் பிறந்த தேதியை வைத்து டிசம்பர் 31-ஆம் தேதிக் கணக்கில் வருகின்றன. வகுப்பைக் குறைப்பதால் வயது குறையாது. பிறந்த தேதியைத் திருத்துவது குற்றம். சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட்டிலிருந்து வேலை வரைக்கும் அந்தப் பையன்தான் அலைய வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுத்தவர் அன்றைக்குத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

இனி சொல்லப்போவதைத்தான் பெரும்பாலான பெற்றோர் யோசிப்பதே இல்லை. உங்கள் மகன் அரசுப் பள்ளி மாணவன். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்திலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. தனியார் பள்ளிக்கு மாறினால் அது போய்விட்டது. ஒரு வருடம் மட்டும் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் போனது போனதுதான். ஆங்கில வழி என்றால் இன்னொன்றும் சேர்ந்து போகும். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு, அதற்கு ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதுவும் தனியார் பள்ளியில் படித்தால் கிடைக்காது. இலவச சீட் என்று அவர் நீட்டுகிற ஃபீஸை ஒரு தட்டில் வையுங்கள், இவற்றை இன்னொரு தட்டில் வையுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளி என்று ஒரு வகை இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடநூல் இலவசம், சத்துணவும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அரசுப் பள்ளி போலவே இருக்கும். ஆனால் நிர்வாகம் தனியாருடையது. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது அரசுப் பள்ளி ஆகாது. தமிழ்ப் புதல்வனுக்கோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் தகுதி உண்டு. ஒரே பள்ளி, ஒரு சலுகைக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது. "அதுவும் கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதான் சார்" என்று யாராவது சொன்னால், 'மாதிரி' என்ற சொல்லிலேயே நில்லுங்கள். அரசு, மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் சரி. உதவி பெறும் பள்ளி என்றால் 7.5 கிடையாது. பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலுவலகத்தில் போய், 'இது எந்த நிர்வாகம்?' என்று நேராகக் கேளுங்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கிவிடலாம் என்று அவர் சொல்லியிருப்பார். அரசு வேலையில் 3 சதவீதம் இருப்பது உண்மை. பொறியியல் கலந்தாய்வில் வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருப்பதும் உண்மை. ஆனால் மாவட்டப் போட்டிச் சான்றிதழ் மட்டும் அதற்குப் போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

பையனுக்கு நிஜமாகவே நல்ல பயிற்சி வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி. எஸ்.டி.ஏ.டி. ஹாஸ்டல் என்பார்கள். மாணவர்களுக்குக் கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்வதற்குத் தேர்வு நடத்துவார்கள். ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் யாரும் வேண்டாம். உங்கள் மகன் இப்போது ஒன்பதாவது என்பதால், பத்தாவதை இதே பள்ளியில் முடித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. பத்தாவது முடித்த பிறகு டி.சி. எப்படியும் கைக்கு வரும், யார் காலிலும் விழ வேண்டாம். பொதுத்தேர்வு வருடத்தில் புதுப் பள்ளி, புது ஹாஸ்டல், போட்டிக்காக வாரக்கணக்கில் வகுப்பு இழப்பு என்று அவனைச் சிக்க வைக்காமலும் இருக்கலாம். விடுதியில் இடம் கிடைத்தால், எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள், அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்று அங்கேயும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று நினைக்காதீர்கள். இந்த ஜூனிலிருந்து அவன் இங்கேயே ஆடட்டும். முதலமைச்சர் கோப்பைக்குப் பெயர் கொடுங்கள், அதில் பள்ளி மாணவர் பிரிவு தனியாக உண்டு. ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் அன்றைக்கே வாங்கி, பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள், பிறகு திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வந்தவருக்கு இப்போது என்ன பதில் சொல்வது என்றுதானே கேட்பீர்கள்? பள்ளியின் பெயரையும் தலைமையாசிரியரின் எண்ணையும் கேளுங்கள். "நாங்களே நேரில் போய்ப் பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். எண் கொடுத்தால், ஒரு வேலைநாளில் பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கபடி மேட் இருக்கிறதா, போன வருடம் இப்படி வந்த பிள்ளைகள் இப்போது எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேச விடுங்கள், உங்கள் மகனே பேசட்டும். டி.சி.யைப் பற்றி அன்றைக்கு யார் கேட்டாலும், பத்தாவது முடியட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.