யார்டில் ஸ்டார்ட் ஆகாத டிராக்டரை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். கடன் கட்டாததால் சீஸ் செய்த டிராக்டர் ஒன்று திண்டுக்கல் யார்டில் ஏலத்துக்கு வருகிறது. 40 ஹெச்பி, மூன்று சிலிண்டர், 2015 மாடல். பேட்டரி இல்லை, ஸ்டார்ட் செய்து காட்ட மாட்டோம் என்கிறார்கள். 5,000 ரூபாய் கொடுத்தால் ஓட்டியே காட்டுகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். நம்பலாமா?

பதில்: அந்த 5,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் சொன்னபடி காட்டத்தான் செய்வார், வண்டியும் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். நீங்கள் பஸ் பிடித்து மலை இறங்கி வருவதற்குள் இரண்டு தரம் ஓடவிட்டுச் சூடாக வைத்திருப்பார், அவ்வளவுதான். சூடான டீசல் இன்ஜின், அதுவும் திண்டுக்கல் வெயிலில், பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் கசிந்தாலும் எடுக்கும். அதே வண்டியை மார்கழி மாதம் உங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டி மாதிரி இதில் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அழுத்தம் போன இன்ஜினுக்குக் குளிரும் மெலிந்த காற்றும் சேர்ந்தால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரிதான் தீரும்.

ஆகவே யார் ஸ்டார்ட் செய்தாலும் அதற்கு முன் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் அந்தச் சோதனை செல்லாது. ஆயில் புதுசாக, தேன் மாதிரி கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் நீலப் புகை கொஞ்ச நேரம் அடங்கும், ஆயில் பிரஷரும் நன்றாகக் காட்டும். இன்னொரு வித்தை, சாவி இல்லையென்று செல்ஃப் மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி எடுப்பது. கியரில் கிடக்கும் வண்டி அப்போது பாய்ந்து ஆள் மேல் ஏறிவிடும். தட்டுகிறவர் நிற்பது பின் சக்கரத்துக்கு முன்னால்தான். யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்பதாலேயே அது கெட்ட வண்டி ஆகிவிடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஏலத்தில் எல்லோரும் ஒதுங்குவது இங்கேதான். யார்டில் ஒரு வருடம் கிடந்தால் பேட்டரி போகும், டீசல் திருட்டுப் போகும், டீசல் குழாயில் ஏர் (காற்று) பிடிக்கும். இதில் எதுவும் இன்ஜின் கோளாறு இல்லை. 12 வோல்ட் பேட்டரி, நல்ல வயர், கொஞ்சம் டீசல், தெரிந்த மெக்கானிக் ஒருவர், இவ்வளவும் உங்களோடு வரட்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீரும் இன்ஜினில் ஆயிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீசல் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்பை அடித்து ஏரை எடுத்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் சுற்ற வேண்டாம்.

அதற்கும் யார்டில் அனுமதி இல்லையா? இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, முன்னால் நின்று வலச்சுற்றாக மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் என்பதால் இரண்டு முழுச் சுற்றுக்குள் மூன்று இடத்தில் காற்றின் அழுத்தம் கையில் முட்டும். மூன்றும் ஒரே மாதிரி கெட்டியாக முட்டினால் தைரியமாக ஏலத்தில் நில்லுங்கள். ஒன்று தொளதொளவென்று போனால் இன்ஜின் வேலை இருக்கிறது. அந்தச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, உங்கள் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். திருப்பவே முடியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓடினால் வெள்ளைப் புகை ஒன்றிரண்டு நிமிடம் வரலாம், தவறில்லை. நிற்காமல் வந்தாலும், நீலமாக வந்தாலும் வேண்டாம். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. 40 ஹெச்பி என்பதும் கீழ்நாட்டுக் கணக்கு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொடைக்கானலின் ஏழாயிரம் அடியில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 32 ஹெச்பிதான்.

அப்புறம் காகிதம். 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி போட்டுவிட்டு எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். முன்பணத்தை மட்டும் அன்றைக்கே வாங்கிக்கொள்வார்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) எங்கே என்று கேட்டால் 'ஹெட் ஆபீஸில்' என்பார்கள். நான் எடுத்துக் கொடுத்த ஒரு வண்டிக்குத் தடையில்லாச் சான்று வர ஏழு மாதம் ஆனது. அதுவரை அது வெறும் இரும்பு. கடன் நீக்கத்துக்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. பழைய உரிமையாளர் கையெழுத்து இருக்கிறதா, இல்லையென்றால் கடன் கொடுத்த கம்பெனி படிவம் 36 போட்டு முதலில் தன் பெயருக்கு மாற்றித் தருமா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் ஏலம் கேட்காதீர்கள்.

ஏலத்தில் எடுத்துவிட்டால், ஆசையில் அன்றே வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு ஏறாதீர்கள். யார்டில் கிடந்த வண்டியில் பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கலாம். இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்க்கும் கொக்கியைத் தேடுங்கள், பல வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். லாரியில் ஏற்றி, பிரேக் வேலையைக் கீழேயே முடித்துவிட்டு மேலே கொண்டுபோங்கள்.