நிலக்கரியில் ஆரம்பித்த சமாதானம்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன வாரம் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வடசென்னையிலிருந்து மட்டும் இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. துறைமுகம் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எல்லாருமே விவரமாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு உலகப் போரில் அடித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் ஐந்தாறு வருடத்துக்குள் ஒரே அமைப்பில் சேர்ந்ததாகப் படிக்கிறோம். அவ்வளவு சீக்கிரம் பாசம் பொங்கிவிட்டதா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பாசமெல்லாம் இல்லை, பயம்தான். 1870, 1914, 1940 என்று எழுபது வருடத்துக்குள் மூன்று தடவை ஜெர்மன் படை பிரான்சுக்குள் நுழைந்திருக்கிறது. அதனால் 1945-க்குப் பிறகு ஜெர்மனியை எழுந்திருக்கவே விடக்கூடாது என்று பிரான்சில் பலர் நினைத்தார்கள். ஆனால் ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரி இல்லாமல் பிரான்சின் எஃகு ஆலைகளை ஓட்டுவது கஷ்டம், போதாததற்கு சோவியத்துக்கு எதிராக மேற்கு ஜெர்மனியை நிமிர்த்திவிட அமெரிக்கா வேறு அவசரப்பட்டது. அடக்கி வைக்கவும் முடியாது, அவிழ்த்து விடவும் பயம். (முதல் போருக்கான நஷ்டஈடு ஒழுங்காக வரவில்லை என்று 1923-ல் பிரான்சும் பெல்ஜியமும் ரூருக்குள் படையையே அனுப்பிப் பார்த்தன. கிடைத்தது கொஞ்சம் நிலக்கரி, நிறைய வன்மம்.)

இந்த இக்கட்டில்தான் ஜான் மோனே ஒரு வழி சொன்னார். கோன்யாக் மது வியாபாரி வீட்டுப் பிள்ளை, எந்தத் தேர்தலிலும் நின்று ஜெயித்து வந்தவர் இல்லை, அப்போது பிரான்சின் திட்டக் கமிஷனுக்குத் தலைவர். ஜெர்மனியின் நிலக்கரியை நாம் பிடுங்கவும் வேண்டாம், அவர்கள் கையிலேயே விடவும் வேண்டாம், இரண்டு நாட்டு நிலக்கரியையும் எஃகையும் சேர்த்து இரண்டு அரசாங்கத்துக்கும் மேலே இருக்கிற ஓர் அலுவலகத்திடம் கொடுத்துவிடுவோம் என்றார். பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். அந்தக் கணக்கு முழுக்கப் பக்கத்து நாட்டுக்காரன் கண் முன்னால் இருந்தால் யார் ரகசியமாகப் போருக்குத் தயாராக முடியும்?

1950 மே 9 அன்று இதைப் பாரிஸில் அறிவித்தவர் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன். அவர் கதையே தனி. லக்சம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்தவர், முதல் போர் முடிந்து எல்லை நகர்ந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆனார். அடுத்த வருடம், 1951 ஏப்ரல் 18-ல், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆரம்பம் இதுதான்.

ஹவுசிங் போர்டு பிளாட்டில் தண்ணீர் மோட்டார் ரூம் சாவி தரைத்தளத்தில் இருக்கணுமா மூன்றாவது மாடியில் இருக்கணுமா என்று வருடக்கணக்கில் சண்டை நடக்குமே, கடைசியில் எந்த வீட்டையும் சேராத, எல்லா வீட்டுக்கும் பொதுவான வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மோனே சொன்ன அந்த அலுவலகம், அதாவது லக்சம்பர்க்கில் உட்கார்ந்த உயர் ஆணையம், அந்த வாட்ச்மேன் மாதிரிதான். ஒன்பது உறுப்பினர்கள், முதல் தலைவர் மோனேயேதான். சொந்த நாட்டு அரசாங்கம் உட்பட யாருடைய உத்தரவையும் அவர்கள் வாங்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். இன்னொரு புத்திசாலித்தனம், செலவுக்கு அரசாங்கங்களிடம் கையேந்தவில்லை, நிலக்கரி மீதும் எஃகு மீதும் சின்னதாக ஒரு வரி போட்டு அதிலேயே நடத்தினார்கள். காசு கொடுக்கிறவன்தானே கடைசியில் அதிகாரம் பண்ணுவான்.

துறைமுகத்துக் கரித்தூள் மொட்டை மாடித் துணியில் படிந்த காலத்தைப் பார்த்த ராயபுரத்துக்காரர்களிடம் போய், நிலக்கரிதான் சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

இங்கிலாந்து ஏன் ஆரம்பத்திலேயே சேரவில்லை?
– ஒரு வாசகி, பெரம்பூர்

கெத்துதான், வேறென்ன. 1947-ல்தான் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியிருந்தார்கள், அதற்குள் அதை வெளிநாட்டு ஆணையத்தின் கீழ் வைக்க மனசு வரவில்லை. அப்புறம் 1961-ல் மனுப் போட்டார்கள். பிரான்சின் அதிபர் டி கோல் 1963-லும் 1967-லும் முடியாது என்றார். 1973-ல் ஒருவழியாக உள்ளே போனார்கள். 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2020 ஜனவரி 31-ல் வெளியே வந்தார்கள். உள்ளே போக ஒரு மாமாங்கம் நின்றவர்கள், வெளியே வர மூன்றரை வருடம் மல்லுக்கட்டினார்கள்.

ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறேன். அங்கே நாட்டுக்கு நாடு கஸ்டம்ஸே கிடையாதாமே, நம்புகிற மாதிரி இல்லையே?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

நம்புங்கள். 1957-ல் ரோமில் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆறு நாடுகளும் தங்களுக்குள் சுங்க வரியைப் படிப்படியாகக் குறைத்து, 1968 ஜூலை 1-ல் ஒரேயடியாக எடுத்துவிட்டன. வெளியிலிருந்து வருகிற சரக்குக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே வரி. இங்கிருந்து போகிற கன்டெய்னருக்கு ரோட்டர்டாமில் வரி கட்டி எடுத்துவிட்டால், அது லாரி ஏறி மியூனிக் போகும்போது மறுபடி யாரும் வரி கேட்பதில்லை. எல்லையில் லாரியை நிறுத்திக் காகிதம் பார்க்கிற வேலை மட்டும் 1993 ஜனவரி வரை இழுத்தது. ஜிஎஸ்டி வந்த 2017-ல் நம் ஊர் வணிகவரி செக்போஸ்ட்டுகளை மூடினார்களே, அதைக் கால் நூற்றாண்டு முன்னால் பல நாடுகளுக்கு நடுவில் செய்திருக்கிறார்கள்.

உங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1960-ல் வான் கெண்ட் என் லோஸ் என்ற டச்சு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி மேற்கு ஜெர்மனியிலிருந்து பசை தயாரிக்க உதவும் ஒரு ரசாயனத்தைக் கொண்டுவந்தது. முன்பு 3 சதவீதமாக இருந்த வரியை வகைப்பாட்டை மாற்றி 8 சதவீதம் என்று போட்டார்கள் அதிகாரிகள். (வகைப்பாட்டுத் தகராறு எந்தக் கஸ்டம்ஸிலும் மாறாது போலிருக்கிறது.) புதிதாக வரியை ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறதே என்று கம்பெனி கேட்டது. ஒப்பந்தம் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் போட்டது, அதில் நீ யார் என்று கேட்டது அரசாங்கம். ஆறு நாடுகளுக்கும் பொதுவாக லக்சம்பர்க்கில் இருந்த நீதிமன்றம் 1963 பிப்ரவரி 5-ல், இந்த ஒப்பந்தம் சாதாரண ஆளுக்கும் உரிமை கொடுக்கிறது, அவர் தன் ஊர் கோர்ட்டிலேயே அதைக் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், தலைவர்கள் கைகுலுக்குகிற போட்டோக்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு தீர்ப்புதான் பெரிது. அன்றிலிருந்து, அரசாங்கம் சொன்ன சொல்லை மீறினால் பிடித்துக்கொடுக்க இன்னொரு நாடு வேண்டியதில்லை, பாதிக்கப்பட்ட ஒரு லாரிக் கம்பெனியே போதும்.

மீன் விஷயத்திலும் இப்படித்தான் ஒற்றுமையா? நம் ராமேஸ்வரம் பிரச்சினைக்கு அதில் ஏதாவது வழி இருக்கிறதா?
– ஒரு விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

அண்ணே, ஐரோப்பாவிலேயே பெரிய சண்டை மீனுக்குத்தான். காட் மீனுக்காக இங்கிலாந்தும் ஐஸ்லாந்தும் எழுபதுகளில் கடலில் மோதிக்கொண்டன. ஐஸ்லாந்துக் காவல் படகுகள் பிரிட்டிஷ் படகுகளின் வலையை அறுத்துவிட, இங்கிலாந்து போர்க்கப்பலையே அனுப்பியது. கடைசியில், 1976-ல், ஐஸ்லாந்தின் 200 கடல் மைலை இங்கிலாந்து ஒத்துக்கொண்டது. இத்தனைக்கும் இரண்டும் நேட்டோவில் கூட்டாளிகள். ஐஸ்லாந்தும் நார்வேயும் இன்றுவரை ஒன்றியத்தில் சேராமல் இருப்பதற்கு மீனும் ஒரு பெரிய காரணம்.

ஒன்றியத்துக்குள் 1983-லிருந்து பொதுவான மீன்பிடிக் கொள்கை இருக்கிறது. எந்தக் கடல் பகுதியில் எந்த மீனை மொத்தம் எத்தனை டன் பிடிக்கலாம் என்று மீன்வள அமைச்சர்கள் டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து, பெரும்பாலும் விடிய விடியப் பேரம் பேசி முடிவு செய்வார்கள். அதில் ஒவ்வொரு நாட்டின் பங்கு விகிதம் ஏற்கெனவே தீர்மானமானது. கானாங்கெளுத்திக்கு ஒரு கணக்கு, காட் மீனுக்கு ஒரு கணக்கு. நமக்கு ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடை என்றால் எல்லா விசைப்படகுக்கும் தடை, புரிகிறது. அங்கே டன் கணக்கு என்பதால் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் புலம்பல்தான், பிடித்ததைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்த காலமெல்லாம் உண்டு. அதனால் அதை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்தலாம் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கவனிக்கலாம். 1974, 1976 ஒப்பந்தங்கள் நமக்கும் இலங்கைக்கும் நடுவில் கோடு போட்டன. கோட்டுக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு மீன் இருக்கிறது, இழுவை மடியை எங்கே நிறுத்துவது, யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு இரண்டு நாட்டையும் கட்டுப்படுத்தக்கூடிய அலுவலகம் எதுவும் இல்லை. கூட்டுப் பணிக்குழு இருக்கிறது, கூடிப் பேசுகிறது, கலைகிறது. மீனுக்குக் கோடு தெரியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஷெங்கன் என்பது யார் பெயர்?
– ஒரு கல்லூரி மாணவர், வியாசர்பாடி

ஆள் இல்லை தம்பி, ஊர். லக்சம்பர்க்கில் பிரான்சும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்கிற மூலையில் ஒரு குட்டி கிராமம். 1985 ஜூன் 14-ல் அங்கே மொசெல் ஆற்றில் நின்ற கப்பலில், தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுத்துவிடுவோம் என்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. விசா வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் மனித உரிமை நீதிமன்றமும் ஒன்றியத்துடையதுதானே?
– ஒரு வழக்கறிஞர், வண்ணாரப்பேட்டை

இல்லை சார். அது 1949-ல் பத்து நாடுகள் சேர்ந்து ஆரம்பித்த ஐரோப்பியக் கவுன்சிலுடையது, நிலக்கரிக்கும் முந்தியது. அதில் இப்போது 46 நாடுகள், துருக்கியும் உண்டு. ரஷ்யா இருந்தது, உக்ரைன் போருக்குப் பிறகு 2022-ல் வெளியேற்றிவிட்டார்கள்.

சார்க் மட்டும் ஏன் இப்படி ஆகவில்லை?
– ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

ஐயா, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985 டிசம்பரில் டாக்காவில் பிறந்தபோதே அதன் சாசனத்தில் எழுதிவிட்டார்கள்: எல்லா முடிவும் ஒருமனதாக, இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரமும் சர்ச்சைக்குரிய விஷயமும் பேசக்கூடாது. ஐரோப்பாவில் சண்டைக்குக் காரணமான சரக்கையே முதலில் மேஜையில் வைத்தார்கள், இங்கே அதை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசி உச்சி மாநாடு 2014-ல் காட்மாண்டுவில் நடந்தது. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நடக்கவில்லை, அதோடு சரி.

அங்கே எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலக்கரி வெற்றியின் சூட்டோடு சூடாகப் பொது ராணுவத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். யோசனை சொன்ன பிரான்சின் நாடாளுமன்றமே 1954 ஆகஸ்டில் அதைக் கவிழ்த்தது. 1965-ல் டி கோல் கோபித்துக்கொண்டு அமைச்சர்கள் கூட்டத்துக்கு ஆளே அனுப்பவில்லை, ஆறேழு மாதம் பிரான்சின் நாற்காலி காலி. ஆனால் அந்த ஆறேழு மாதமும் சுங்கவரிக் கணக்கும் நீதிமன்றமும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. தலைவர்கள் பேசாமல் போனால் மொத்தமும் நின்றுவிடும் என்ற நிலைமை அங்கே இல்லை. நம் பக்கம் அப்படி நாள்தோறும் ஓடுகிற அலுவல் எதுவும் சார்க்கில் பெரிதாக உருவாகவில்லை, அதனால் மாநாடு நின்றதும் எல்லாம் நின்றது.

ஒப்பந்தங்களை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்களா?
– ஒரு வாசகி, எண்ணூர்

1957 மார்ச் 25-ல் ரோமில் ஆறு நாட்டுப் பிரதிநிதிகளும் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அந்தத் தடித்த புத்தகத்தில் முகப்புப் பக்கமும் கையெழுத்துப் பக்கமும்தான் அச்சாகியிருந்தன. நான்கு மொழியில் அச்சடிக்கும் வேலை நேரத்துக்கு முடியவில்லை. நடுவில் இருந்ததெல்லாம் வெள்ளைத் தாள்.