டிவி பார்த்து ஜெர்மன் வருமா?

கேள்வி: நாங்கள் ஜெர்மனிக்குக் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. ஆறு வயது மகள் பள்ளியில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். டிவியில் ஏதாவது போட்டுவிட்டால் மொழி வந்துவிடுமா? எதைப் போடுவது?

பதில்: 'போட்டுவிட்டால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு. போட்டுவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கப் போனால் பிள்ளை படம் பார்க்கும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு ஜெர்மன் தெரியாதா, ரொம்ப நல்லது, 'இது என்னடி சொல்லுது?' என்று அவளையே கேளுங்கள். அம்மாவுக்குத் தெரியாததைச் சொல்லித்தருவதில் ஆறு வயதுக்கு ஒரு தனி குஷி உண்டு.

முதலில் 'பெப்பா வுட்ஸ்' போதும். அதே பெப்பா பிக்தான், தம்பி ஜார்ஜ் மட்டும் இங்கே 'ஷோர்ஷ்' ஆகிவிடுவான். ஒரு கதை ஐந்து நிமிடம், மழை, சேறு, பூட்ஸ், தாத்தா வீடு என்று அன்றாடம் காதில் விழும் சொற்கள். தினமும் புதுக்கதை தேடாதீர்கள், ஒரே கதையை வாரம் முழுக்கப் பாருங்கள். சலிப்பது நமக்குத்தான், பிள்ளைகளுக்கு அல்ல.

அப்புறம் 'டீ செண்டுங் மிட் டேர் மவுஸ்', ஓர் ஆரஞ்சு நிற எலி வரும் சிறுவர் நிகழ்ச்சி. 1971 மார்ச்சில் தொடங்கி இன்றும் ஞாயிறு காலையில் வருகிறது. ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று காட்டும் பகுதிகளில் கண்ணுக்கு முன்னால் நடப்பதைத்தான் குரலும் சொல்லும் என்பதால் பாதி புரியாவிட்டாலும் பிள்ளை தொலைந்துபோகாது. ஆனால் எனக்குப் பிடித்தது நடுவில் வரும் குட்டிக் கார்ட்டூன்கள்தான், ஏனென்றால் அந்த எலி ஒரு வார்த்தைகூடப் பேசாது, கண்ணைச் சிமிட்டும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், அத்தோடு சரி. பேச்சில்லாத அந்த இடத்தில் உங்கள் மகளைப் பேசவிடுங்கள், தமிழும் ஜெர்மனும் கலந்து வந்தாலும் திருத்தாதீர்கள்.

இன்னொன்று. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் இன்றைக்கு என்னென்ன வரும் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அதையே வேறொரு மொழியிலும் சொல்வார்கள், அந்த மொழி மாறிக்கொண்டே இருக்கும். எழுபதுகளில் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளை மனதில் வைத்து ஆரம்பித்த பழக்கம் இது. அந்த அரை நிமிடம் ஜெர்மன் பிள்ளைகளும் புரியாமல் முழிப்பார்கள் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள். நான்கு மாத மௌனத்துக்கு இப்போதே பயப்பட வேண்டாம், புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளைகள் பலர் கொஞ்ச காலம் காதை மட்டும்தான் திறந்து வைத்திருப்பார்கள்.

கேள்வி: பத்து மாதப் பையனையும் கூடவே உட்காரவைக்கலாமா? சின்ன வயதில் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்களாமே?

பதில்: பிடித்துக்கொள்வார்கள், மனிதர்களிடமிருந்து. 2003இல் பாட்ரிஷியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சிலர் நேரில் விளையாடியபடி சீன மாண்டரின் பேசினார்கள், வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சை டிவியில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்களுக்கு அந்த மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது, டிவி பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பையனை மடியில் வைத்துத் தமிழில் பேசுங்கள்.

கேள்வி: ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் அல்லாதது) மூன்றும் மகளுக்கு மண்டையில் ஏறவே இல்லை. விதி உண்டா?

பதில்: ஒன்றிரண்டு உண்டு, ஆனால் கரண்டி டேர், முள்கரண்டி டீ, கத்தி டாஸ் என்று வைத்திருக்கும் மொழியில் விதியை நம்பி எவ்வளவு தூரம் போவது? நமக்கு அஃறிணை என்றால் எல்லாமே 'அது', அதனால் இந்தக் குழப்பம் இயல்புதான். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதற்குப் பதில் டிவி முகங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எலி 'டீ மவுஸ்'. அதோடு திரியும் நீலக் குட்டி யானை 'டேர் எலஃபான்ட்', எலியைவிடச் சின்ன யானை, ஆனாலும் டேர்தான். தூங்கும் நேரத்துக்கு வரும் குட்டி மனிதன் 'டாஸ் ஸான்ட்மென்ஷென்', 1959இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து, அந்த நாடே இல்லாமல் போன பிறகும் மாலை தவறாமல் வருகிறவன். ஆண் உருவத்துக்கு ஏன் டாஸ்? கடைசியில் 'ஷென்' ஒட்டிச் செல்லமாகச் சுருக்கினால் எதுவும் டாஸ் ஆகிவிடும், சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' உட்பட. இந்த ஒரு விதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பதில்: 'லோவென்ட்ஸான்' என்ற சிறுவர் நிகழ்ச்சியை 2005 வரை நடத்திய பீட்டர் லுஸ்டிக், நீல நிற வண்டிவீட்டில் வாழும், தோளில் பட்டை மாட்டிய பேன்ட் போட்ட தாத்தா போல வருவார், முடிக்கும்போது 'அப்ஷால்டன்' என்பார். அதாவது, டிவியை அணை. உங்கள் மகள் கற்றுக்கொள்ளும் முதல் பத்துச் சொற்களில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.