வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கறுப்பு நிற வகன் ஆர் வைத்திருக்கிறேன். தினமும் யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்கு ஓடுகிறது. கிழமைக்கு ஒருதரம் தவறாமல் கழுவுவேன், எங்கும் இடித்ததில்லை. ஆனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனற் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கோடுகள். பெயின்ற் அடிக்கும் இடத்தில் ‘ஃபுல் கட் அண்ட் பொலிஷ்’ செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் கோடுகள் ஓடியதால் வந்தவை அல்ல, கழுவியதால் வந்தவை. உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் ஒருதரம் துடைத்தாலே அந்த மணல் பெயின்றைக் கீறிவிடும். கிழமைக்கு ஒருதரம் கழுவுவது நல்ல பழக்கம்தான், கழுவும் முறையில்தான் பிழை.

பெயின்றின் மேல்பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். சாதாரண ஏ4 தாள் ஒன்றே ஏறக்குறைய 100 மைக்ரோன். ‘கட்’ என்பது அந்தப் பூச்சைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. நன்றாக வைத்திருந்த காருக்கு அவ்வளவு கடுமையான வேலை தேவைப்படுவது அபூர்வம்.

முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன், நிழலில் தொடங்குங்கள். பொனற்றில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாத சூடு என்றால் அது கழுவும் நேரம் அல்ல. ரயரையும் ரிம்மையும் தனி வாளி, தனி பிறஷ் கொண்டு முதலில் முடித்துவிடுங்கள். பிறேக் தூள் கலந்த தண்ணீர் பெயின்றுக்குப் போகக் கூடாது. பிறகு முழுக் காரையும் தண்ணீரால் நன்றாக அடித்து, தளர்ந்த மண்ணைக் கை படாமலே இறக்குங்கள். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் 10 லீற்றர் தண்ணீரில் போத்தலில் சொன்ன அளவு கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேர்கோட்டில், அழுத்தாமல் கழுவுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூ வாளிக்குள் விட வேண்டும். கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசி, ஊத்தை கூடிய இடம் அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவினால் வக்ஸும் சேர்ந்து போய்விடும். தும்புப் பிறஷ் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சேர்விஸ் ஸ்ரேசனில் விடுவதானால் உங்கள் துணியையும் கையுறையையும் கொடுத்துவிடுங்கள். அங்கே லொறிக்குப் போட்ட ஸ்பொஞ்தான் அடுத்து உங்கள் காருக்கும் வரும்.

கழுவி முடித்த ஈரத்தில், மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிப் பெயின்றைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். வழவழப்பாக இருந்தால் கிளே (பெயின்றில் ஒட்டிய ஊத்தையை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) தேவையில்லை. சொரசொரப்பு இருந்தால் மட்டும், கிளேயை ஷாம்பூத் தண்ணீர் வழுக்கலில் மெதுவாக ஓட்டி, ஊத்தை பிடித்த பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். நிலத்தில் விழுந்த கிளேயைக் கழுவித் திரும்பப் பாவிக்க வேண்டாம், மணல் போகாது.

அதன் பிறகும் கோடுகள் கண்ணை உறுத்தினால் பொலிஷ். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் முதலில் சோதியுங்கள். டியுவல் அக்ஷன் மெஷின் (சுழன்றுகொண்டே ஆடும் பொலிஷ் மெஷின்), மென்மையான ஃபோம் பாட், நுண்ணிய பொலிஷ் கடலையளவு மூன்று நான்கு துளி. வேகம் ஆறில் நான்கு. ஒருதரம் கிடையாக, ஒருதரம் நெடுக்காக மாறி மாறி நான்கு தடவை. ஓர் அடி நகரப் பத்துப் பன்னிரண்டு விநாடி எடுக்க வேண்டும், பறக்கக் கூடாது. பிறகு நீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, வெயிலில் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பொலிஷில் உள்ள எண்ணெய் கோட்டை மறைத்து ஏமாற்றும். பத்தில் ஏழு எட்டுக் கோடு போயிருந்தால் அதே முறையை முழுக் காருக்கும் செய்து நிறுத்திவிடுங்கள். மிச்சத்தையும் எடுத்தே தீருவேன் என்று நிற்பவர்கள்தான் கிளியர் கோட்டைத் தின்றுவிடுகிறார்கள்.

ரோட்டரி மெஷினில் (ஆடாமல் சுழல மட்டும் செய்வது) கம்பளிப் பாட் பூட்டி, கொம்பவுண்ட் எனும் கரடான பொலிஷ் போட்டு ‘கட்’ செய்யும் கடைகளில் இதைக் கவனியுங்கள்: பொனற்றின் விளிம்பு, கதவின் மடிப்பு. பூச்சு அங்கே மெல்லியது, பாட் அழுத்துவதும் அங்கேதான். மாஸ்கிங் ரேப் ஒட்டாமல் தொடங்கினால் மறித்துவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்ரிக் ஓரங்களுக்கும் ரேப் வேண்டும், பொலிஷ் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் பாதுகாப்புக்கு வக்ஸ் அல்லது சீலன்ட், மெல்லியதாக. தடிப்பாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, துடைக்கும் வேலைதான் கூடும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியிலும் பெயின்றிலும் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. துடைத்தாலும் போவதில்லை.
(வாசகி, கொக்குவில்)

பதில்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. நீர் ஆவியானதும் கல்சியம் மட்டும் மிஞ்சுகிறது. கேத்திலின் அடியில் படிவதும் இதுதான். வினாகிரியும் குடிக்கும் ஆர்.ஓ. (உப்பு வடித்தெடுத்த) தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிமேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுங்கள். உடனே ஷாம்பூவால் கழுவிவிடுங்கள். வெயிலில் காயவிடக் கூடாது. இதற்கும் போகாதது பெயின்றுக்குள் அரித்துவிட்ட புள்ளி, அதற்குப் பொலிஷ்தான் வழி.

வராமல் தடுப்பது சுலபம். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் பத்து லீற்றர் வைத்துக்கொள்ளுங்கள். தானாகக் காயவிடாமல், பெரிய மைக்ரோபைபர் துவாயைப் பெயின்றில் விரித்து ஒற்றி எடுங்கள். அந்தத் துவாயைத் தோய்க்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடக் கூடாது, நாரில் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும்.

கேள்வி: துணி சீற் உள்ள அக்குவா ஹைபிறிட் கார் (பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓட்டுவது). மாரியில் ஏ.சி. போட்டால் புளிச்ச மணம். உள்ளே முழுக்கச் சுத்தம் செய்ய எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், நல்லூர்)

பதில்: மேலிருந்து. கூரைத் துணியை ஈரமாக்காதீர்கள், உள்ளிருக்கும் பசை விட்டால் துணி தொங்கும். கறை இருந்தால் நுரையை மட்டும் துணியில் எடுத்து ஒற்றுங்கள். ஏ.சி. வாய்க்கும் பட்டன்களுக்கும் மென்மையான பெயின்ற் பிறஷ், கூடவே வாக்கும் குழாய். டாஷ்போட்டுக்கு ஈரத்துணி போதும். பளபளக்கும் சிலிக்கோன் ஸ்பிறே அடித்தால் பகல் வெயிலில் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும்.

சீற்றை முதலில் வாக்கும் பண்ணுங்கள். பிறகு துணி கிளீனரின் நுரையைப் பிறஷால் தேய்த்து, ஈர வாக்குமால் உறிஞ்ச வேண்டும். வாளியால் ஊற்றினால் உள்ளே ஸ்பொஞ் ஊறி, மாரியில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். சீற்றுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்ரர் தெரிந்தால் அது எயார்பாக் வயர். நனைக்கவோ இழுக்கவோ கூடாது. பின்சீற்றின் பக்கத்தில் சிறு காற்றுத்துளை இருக்கிறதே, அது ஹைபிறிட் பற்றரியைக் குளிர்விப்பதற்கு. அதில் நூலும் தூசும் அடைத்தால் பற்றரி சூடாகும். வாக்கும் பண்ணுங்கள், அதன்மேல் பை, குடை வைக்காதீர்கள். கண்ணாடி எல்லாவற்றுக்கும் கடைசி.

மணத்துக்கு இரண்டு காரணம் பாருங்கள். டாஷ்போட்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் உள்ள கபின் ஃபில்ரர் (உள்ளே வரும் காற்றை வடிப்பது) கறுத்திருந்தால் மாற்றுங்கள், போடும்போது அம்புக்குறியின் திசை தவற வேண்டாம். மற்றது, ஏ.சி. நின்றபின், காற்றைக் குளிர்விக்கும் குளிர்க்கூட்டில் தங்கும் ஈரம். வீட்டுக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். வாசனைக் கட்டி தொங்கவிடுவது மணத்துக்கு மேல் இன்னொரு மணம், அவ்வளவுதான்.

கேள்வி: தினமும் பண்ணைப் பாலத்தால் போய் வருகிறேன். உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?
(வாசகர், வேலணை)

பதில்: மேலே கழுவுவதைவிடக் கீழே கழுவுவது முக்கியம். கிழமைக்கு ஒருதரம் சில்லு வளைவுக்குள்ளும் அடித்தட்டிலும் தண்ணீர் அடியுங்கள். ஒவ்வொரு கதவின் கீழ்விளிம்பிலும் சிறு வடிதுளைகள் உண்டு. மண் அடைத்தால் கதவுக்குள் உப்புத்தண்ணீர் தேங்கி உள்ளிருந்து கறள் பிடிக்கும். ஈர்க்கால் குத்திப் பாருங்கள். அடித்தட்டுக்குத் தார் மாதிரிப் பூச்சு அடிக்கச் சொன்னால், இருக்கும் கறளைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே அடிக்கச் சொல்லுங்கள். அந்த வடிதுளைகளையும் மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: எஞ்சின் பகுதியை பிறஷர் கன்னால் கழுவலாமா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: வேண்டாம். எஞ்சின் ஆறியபின், கிளீனர் தெளித்த ஈரத்துணியும் சிறு பிறஷும் போதும். ஹைபிறிட் என்றால் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை, அவற்றின் பக்கம் போகவே தேவையில்லை.