பூந்தேன் நக்கும் ஓநாய்

கேள்வி: எத்தியோப்பியாவின் பாலே மலையில் ஓநாய் ஒன்று பூவை நக்குகிற படத்தைப் பார்த்தேன். உண்மையா? அந்தக் குளிரில் விலங்குகள் எதைத் தின்று வாழ்கின்றன?

பதில்: உண்மைதான். 2024-ல் ஆய்வாளர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். நிஃபோஃபியா என்ற செடியின் சிவப்பும் மஞ்சளுமான பூங்கதிர்களில் எத்தியோப்பிய ஓநாய்கள் தேனை நக்குகின்றன, சில ஓநாய்கள் ஒரே சுற்றில் 30 பூங்கதிர்கள் வரைகூடப் போகின்றன, முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்வதால் மகரந்தச் சேர்க்கைக்கும் அவை உதவக்கூடும் என்கிறார்கள்.

ஆனால் தேன் வெறும் தின்பண்டம், வயிறு நிறைவது எலிகளால்தான். பாலே தேசியப் பூங்காவின் சனெட்டி பீடபூமி சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி. மரமே இல்லாத அந்த வெளியில் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் ராட்சத லோபீலியா, வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துவிட்டு மடிந்துபோகும். தரைக்கடியில் எலிகளின் ராஜ்யம்! அதில் ‘பெரிய வளை எலி’ என்ற இனம் ஏறத்தாழ ஒரு கிலோ எடை வரும், கண்கள் உச்சந்தலைக்குப் பக்கத்தில், அதனால் தலையைக் கொஞ்சம் நீட்டினாலே சுற்றுமுற்றும் பார்த்துவிடும். பாலே மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஓநாய்கள் கூட்டமாக வாழ்ந்தாலும் இரை சிறியது என்பதால் வேட்டைக்குத் தனித்தனியாகத்தான் போகும், அந்த நீண்டு ஒடுங்கிய மூக்கும் எலி பிடிக்கத் தோதானது.

கேள்வி: அப்போது காடே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? சனெட்டியிலிருந்து தெற்கே இறங்கினால் முதலில் எரிக்கா புதர்கள், அப்புறம் ஹரென்னா காடு. மூங்கில் இலையை முக்கிய உணவாகக் கொண்ட பாலே குரங்கு அங்கே இருக்கிறது, கீழே காபிச் செடி காட்டுச் செடியாகவே வளர்கிறது. பூங்காவின் உயரம் சுமார் 1,500 மீட்டரில் தொடங்கி துல்லு திம்து சிகரத்தில் 4,377 மீட்டர் வரை போகிறது. இத்தனை வகை உயிர்கள் ஒரே மலையில் இருக்க இந்த உயர வித்தியாசம்தான் பெரிய காரணம். 2023-ல் யுனெஸ்கோ இந்தப் பூங்காவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கேள்வி: ஓநாய்களுக்கு வேட்டைக்காரர்களால் ஆபத்தா?

பதில்: அதைவிடப் பெரிய ஆபத்து நாய்கள். மேய்ப்பர்களோடு மேலே வரும் நாய்களிடமிருந்து ரேபிஸும் (வெறிநோய்) டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயும் பரவி, 1990-களிலிருந்து பலமுறை கூட்டம் கூட்டமாக ஓநாய்கள் செத்திருக்கின்றன. உலகத்தில் மிச்சம் இருப்பதே 500-க்கும் குறைவு, அதில் பாதிக்கு மேல் இங்கேதான், அதனால் ஒரு தொற்று வந்தாலே மனம் பதறுகிறது. ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2018-லிருந்து ஓநாய்களுக்கே இறைச்சித் துண்டில் ரேபிஸ் தடுப்பு மருந்தை வைத்துக் கொடுக்கிறார்கள், என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: நேரில் போனால் எதையாவது பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. தின்ஷோவில் உள்ள பூங்கா அலுவலகத்தைச் சுற்றியே மலை நியாலா மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும், ஓநாய்க்குச் சனெட்டி ஏறுங்கள். இரவுக் குளிருக்குக் கனமான உடுப்பு கட்டாயம்.